ஹீட்டர் ஃபேனும் என் பின்சீட்டுக் கோபமும்

என்னைப் ‘புள்ள’ என்று கூப்பிட இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆளான என் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கபுறில் இருப்பவர்களுக்குச் சலாம் போய்ச் சேரும் என்று ஓதப் போன காலத்திலேயே சொல்லித் தந்தார்கள். ஆனால் நம் ஊரில் பெண்கள் கபுறடிக்குப் போவதில்லையே. கூடப் பிறந்த என் காக்கா வெள்ளிக்கிழமைகளில் போய் வருவார். “என்ட சலாத்தையும் சொல்லிடுங்க காக்கா” என்று கொடுத்தனுப்புவேன். சொன்னாரோ, மறந்தாரோ. இந்தச் செய்தியை மட்டும் அவரிடம் கொடுத்தனுப்ப முடியாது, ஏனென்றால் இதில் அவருக்கும் கொஞ்சம் ஏச்சு இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காரை விற்கவில்லை. ஹனா வீட்டுக்கு வந்துவிட்டாள். எட்டாம் மாதம் நடக்கிறது, பிள்ளையும் தாயும் சுகம். நான் இதை எழுதும்போது நடு அறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு மாங்காயை உப்பிலும் கொச்சிக்காய்த் தூளிலும் தொட்டுத் தின்கிறாள். “உம்மா, ஆருக்கு எழுதுறீங்க?” என்று இரண்டு தரம் கேட்டுவிட்டாள். வாப்பாவுக்கு என்றேன். “நான் மாங்கா திங்கிறத எழுதாதீங்க” என்றாள். எழுதிவிட்டேன்.

இன்னொரு செய்தி, காரின் ஹீட்டர் ஃபேன் சரி.

அது எப்படிச் சரியானது என்று சொல்வதற்கு முதல் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. நீங்கள் போன பிறகு நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல் இத்தாவில் இருந்தபோது அந்த அறைச் சுவரைப் பார்த்துப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. மச்சான், நீங்கள் என்னோடு கோபமாகவா போனீர்கள்?

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் வாயால் நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ளாத கதை. மூன்று வருஷத்துக்கு முன் ஹனாவுக்கு ஆசிரியர் நியமனம் மலைநாட்டில் பண்டாரவளைப் பக்கம் கிடைத்தது. யாரையாவது பிடித்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றித் தாருங்கள் என்று உங்களைக் கெஞ்சினேன். நீங்கள் அசையவில்லை. “அவ படிச்சு எடுத்த வேல. நாம போய் ஒருத்தன்ட வாசல்ல நிண்டா அது பிச்சையாப் போயிடும் புள்ள” என்றீர்கள். பெற்ற பிள்ளையைக் குளிருக்குள் தள்ளிவிட்ட கல்நெஞ்சன் என்று உங்களை ஏசினேன். ஏசியும் ஆத்திரம் அடங்கவில்லை. அவளைக் கொண்டுபோய் விட்ட அன்று பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பும்போதும் பின்சீட். கல்முனைச் சந்தைக்கு மீன் வாங்கப் போனாலும் பின்சீட். முன்னால் டிரைவர் மாதிரி நீங்கள், பின்னால் மந்திரி மாதிரி நான். நாற்பது நாளாவது இருக்கும். சோறு போட்டேன், உங்கள் சட்டையை மடித்து வைத்தேன், ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஆணத்தில் உப்பில்லை என்று நீங்கள் சொன்னாலும் உப்புப் போத்தலைத் தூக்கி முன்னால் வைப்பேனே தவிர வாய் திறக்க மாட்டேன். அவ்வளவு பிடிவாதம் பிடித்தவளை எப்படித்தான் பொறுத்துக்கொண்டீர்கள்?

பிறகு ஹனாவைப் பார்க்க மலைக்குப் போன அந்த இரண்டாவது பயணம். எல்ல ஊரைத் தாண்டினதும் மழையும் பனிப்புகாரும் சேர்ந்து இறங்கியது. அந்த நேரம் பார்த்து, கண்ணாடிக்குக் காற்று விடுகிற ஃபேன் நின்றது. கண்ணாடியின் உட்பக்கம் பால் ஊற்றியது போல வெளுத்துப் போனது. தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி அதால் துடைத்துப் பார்த்தீர்கள். துடைக்கத் துடைக்க வெளுத்தது. ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் ஓரம் கட்டிவிட்டு, என்னைத் திரும்பிப் பாராமலே கதைத்தீர்கள்.

“புள்ள, முன்னுக்கு வா. அந்த டேஷ்போட் பெட்டிக்குக் கீழ காலால ஒரு தட்டுத் தட்டு. என்னோட இரிக்கிற கோவம் எல்லாத்தையும் சேத்துத் தட்டு.”

இறங்கி வந்து முன்சீட்டில் ஏறினேன். குதிக்காலால் உதைத்தேன். தட்டச் சொன்னீர்கள், நான் உதைத்தேன். ‘கிர்ர்’ என்று ஃபேன் சுற்றியது. கண்ணாடி கீழிருந்து மேலே மெதுவாகத் தெளிந்தது. நீங்கள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தீர்கள். நான் வெளியே பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். நீங்கள் கண்டிருப்பீர்கள்.

அதற்குப் பிறகு அந்த ஃபேன் நினைத்த நேரம் நிற்கும். “புள்ள” என்பீர்கள், நான் உதைப்பேன். அது ஓடினால்தான் ஏசியும் வேலை செய்யும் என்பதால் ஊருக்குள் போனாலும் நான் முன்சீட்டில் இருந்தே ஆக வேண்டும். கோபம் எங்கே போனதென்று தெரியாமலே போனது. ஆனால் நான் உங்களிடம் மாப்புக் கேட்கவில்லை. நோன்பு வரும்போது ஊரெல்லாம் ஆளையாள் மாப்புக் கேட்கிறோம், பக்கத்து வீட்டுக்காரியிடம்கூடக் கேட்டேன். உங்களிடம் மட்டும் நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டேன். நீங்கள் போன அன்று காலை நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் கதிரையில் சாய்ந்துவிட்டீர்களே. அல்லாஹ்வே, ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றுகிற நேரம்.

இத்தாக் காலம் முழுக்கக் கார் முற்றத்தில் தகரக் கொட்டிலுக்குள் நின்றது. பட்டறி இறங்கிவிடும் என்று காக்கா கிழமைக்கு ஒரு தரம் வந்து ஸ்டார்ட் பண்ணுவார். அந்தச் சத்தம் கேட்டால் நீங்கள் வெளிக்கிடுகிறீர்கள் போல இருக்கும். முக்காட்டை எடுக்கக் கை போகும். பிறகு புத்தி வரும்.

இத்தா முடிந்து நான் மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகத் தொடங்கின பிறகு ஹனா ஃபோன் பண்ணினாள். பிரசவ லீவு எடுத்துவிட்டாள். மருமகன் கத்தாரில், அவருக்குக் குழந்தை பிறக்கிற கிழமைதான் லீவு.

“உம்மா, பஸ்ஸுல எனக்கு ஏலா. மூணு வளைவு திரும்புறதுக்குள்ள சத்தி வருகுது. வாப்பாட கார்ல வந்து கூட்டிட்டுப் போங்களேன்.”

வாப்பாவின் கார் என்றாள். எனக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. லைசன்ஸ் இருக்கிறது, கார் ஓடப் பழக்கினது நீங்கள். சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காக்கா ஒரே பிடியாக நின்றார். “தங்கச்சி, நான் சொல்றதக் கேளு. வேன் ஒண்டு பிடிச்சுத் தாறன். உனக்கு என்னத்துக்குகா இந்தக் கார்? கோமாரியில ஒருத்தன் கேக்கிறான், வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சு வந்து பாப்பான்.” நான் ஏலாது என்றேன். அப்போதுதான் அவர் சாவியைத் திருப்பிக் காட்டினார். ஃபேன் பட்டனை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று திருப்பினார். ஒரு மூச்சுக் காற்று வரவில்லை. “இதோட நீ மலைக்குப் போற? புகாருக்குள்ள கண்ணாடி வெளுத்தா பள்ளத்துலதான் கிடப்பாய். புள்ளத்தாச்சிப் புள்ளயையும் வெச்சிட்டு.”

அவர் சொன்னது நியாயம், மச்சான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. வெள்ளிக்கிழமைக்கு முன் ஃபேன் சரியானால் நான் ஓடுவேன், சரியாகாவிட்டால் கோமாரிக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று ஒத்துக்கொண்டேன். அன்று திங்கட்கிழமை.

காக்கா காரை ஏசி பார்க்கிற கடைக்குக் கொண்டுபோனார். நம் ஊரில் கார் டேஷ்போட்டில் என்ன பழுது வந்தாலும் ஒரே மருந்து, ஏசிக்குக் கேஸ் போடுவது. போட்டுக் கொண்டுவந்தார். “குளிரே வருகுதில்லயே” என்று தலையைச் சொறிந்தார். “காத்தே வராம குளிர் எங்கால காக்கா வாற?” என்றேன். ஹீட்டரும் ஏசியும் ஒரே ஃபேனில்தான் வேலை செய்யும் என்று சொன்னதற்கு, “ஹீட்டரா? அடுப்புக்குள்ள குந்திட்டு நெருப்புத் தேடுறாய்” என்று சிரித்தார். கடைக்காரர் மோட்டரை மாற்ற வேண்டும், பழைய மொடல், கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமையாகும் என்றாராம்.

எனக்கு என் மருந்து ஞாபகம் இருந்தது. காக்கா போன பிறகு சாவியைப் போட்டு, பட்டனை நான்கில் வைத்து, சுற்றிப் போய் முன்சீட்டில் என் இடத்தில் ஏறினேன். பிஸ்மில்லாஹ் சொல்லி உதைத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி உதைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உதைத்தேன். மூன்று வருஷமாக என் காலுக்கு அடங்கிய சாமான், அன்று அசையவில்லை.

உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது. பத்தாம் ஆண்டுக்கு மின்சுற்றுப் படிப்பிக்கிற விஞ்ஞான டீச்சர் நான், அந்த நேரம் ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்தது. நீங்கள் கொடுத்த மாப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டீர்கள் என்று நினைத்தேன். முன்சீட்டுக்கு வா என்று கூப்பிட்ட ஆள், இனி வராதே என்று சொல்வது போல இருந்தது. காரின் கதவை மூடிக்கொண்டு அழுதேன். இத்தாவில்கூட நான் அப்படி அழவில்லை.

அழுது முடிந்ததும் வெட்கம் வந்தது. இவ்வளவு படித்துவிட்டு ஒரு ஃபேனிடம் ஜோசியம் பார்க்கிறேனே என்று. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சின்னப் பல்ப் ஒன்றும் இரண்டு வயரும் எடுத்துக்கொண்டேன். முதலில் ஃபியூஸ். அது நல்லது. பிறகு முன்சீட்டுக் காலடியில் மல்லாக்கப் படுத்து, ஃபேன் மோட்டருக்குப் போகிற பிளக்கைக் கழற்றி, அதில் பல்ப்பைப் பிடித்தேன். பட்டன் ஒன்றில் மங்கலாக எரிந்தது. நான்கில் பளிச்சென்று எரிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். கரண்ட் வருகிறது. அப்படியானால் பிழை வயரில் இல்லை, பட்டனில் இல்லை, மோட்டருக்குள்ளேதான்.

அந்த நேரம்தான் காக்கா வந்தார். “ஏய், உன்ட காலு ரோட்டுக்குத் தெரியுது! எழும்பு! ஆக்கள் என்ன நினைப்பாங்க?”

“கார் பழுது பாக்கிறன் எண்டு நினைப்பாங்க. அந்த ஸ்குரூ டிரைவரத் தாங்க” என்றேன். தந்தார் மச்சான். ஏசிக்கொண்டே தந்தார்.

மூன்று ஸ்குரூவைக் கழற்றியதும் மோட்டர், ஃபேனோடு கையில் வந்துவிட்டது. ஒரு தேங்காய் அளவுதான். இவ்வளவு சின்னச் சாமானையா மூன்று வருஷம் உதைத்தேன் என்று பாவமாக இருந்தது. மீன் வாங்குகிற பையில் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்து, பாண்டிருப்பில் மோட்டர் கொயில் கட்டுகிற ரவி என்பவரின் கடைக்குப் போனேன். பள்ளிக்கூடத்துத் தண்ணி மோட்டரைத் திருத்தினவர் என்பதால் பெயர் தெரியும். நீங்களும் அவரிடம் போயிருக்கிறீர்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ரவி பையிலிருந்து மோட்டரை எடுத்தார், திருப்பினார், அடிப்பக்கத்தை விரலால் துடைத்தார். அதில் ஆணியால் கீறின ஒரு சின்ன அடையாளம் இருந்தது.

“டீச்சர், இது நான் போட்ட கீறல். இந்த மோட்டர நான் முந்தியும் கழட்டியிரிக்கன். மெரூன் கலர் கார் தானே? போஸ்ட்மாஸ்டர் ஐயாட?”

ஓம் என்றேன். அவர் முகம் மாறியது. உங்கள் செய்தி கேள்விப்பட்டதாகவும் அன்று வர முடியாமல் போனதாகவும் சொன்னார். பிறகு மோட்டரைப் பிரித்து உள்ளே காட்டினார். இரண்டு கரித்துண்டுகள், ‘காபன்’ என்கிறார்கள், கரண்டை உள்ளே கொண்டுபோகிறவை. தேய்ந்து அரிசி மணி அளவுக்கு வந்திருந்தன. உப்புக் காற்றில் அச்சும் பிடித்துப் போயிருந்தது.

“இது தேஞ்சு போனா சரியாத் தொடாது டீச்சர். ஒரு தட்டுத் தட்டினாத் தொட்டுக்கொள்ளும், ஓடும். இப்ப தட்டியும் சரி வராது, முடிஞ்சு. ஓடாமக் கிடந்ததில இறுகியும் போச்சு.”

தட்டியும் சரி வராது, முடிஞ்சு. இந்த ஒரு வசனத்துக்கு என் நெஞ்சிலிருந்து எவ்வளவு பாரம் இறங்கியது தெரியுமா? நீங்கள் ஒன்றையும் திருப்பி எடுக்கவில்லை. கரிதான் தேய்ந்தது.

அதோடு எழும்பி வந்திருப்பேன். என் வாய் சும்மா கிடக்குமா? “முந்திக் கழட்டினீங்களே, அப்பவே இத மாத்தியிருக்கலாமே?” என்று ரவியைப் பிடித்தேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு சிரித்தார். “மூணு வருஷத்துக்கு முன்ன ஐயா கொண்டு வந்தவர். காபன் முடியப் போகுது, அரை மணித்தியால வேல, மாத்துறன் எண்டன். அவர் வேணாம் எண்டுட்டார். துடைச்சுப் பூட்டு, காணும் எண்டவர். ஏன் ஐயா எண்டு கேட்டன்.”

“என்ன சொன்னாரு?”

“குறை நினைக்காதீங்க டீச்சர். ‘அது பழுதா இருந்தாத்தான், ரவி, எங்கட ஊட்டுல சமாதானம்’ எண்டவர். சொல்லிட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சார், எனக்கு விளங்கல்ல.”

எனக்கு விளங்கியது. ரவியின் கடையில், பிரித்துப் போட்ட மேசை ஃபேன்களுக்கு நடுவில், முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன், இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. ரவி பாவம், திரும்பி இருந்துகொண்டு ஒரு கரித்துண்டை அரத்தால் ராவிக்கொண்டே இருந்தார். கிரைண்டருக்குப் போடுகிற காபனை அளவுக்கு ராவி, என் மோட்டருக்குப் போட்டுவிட்டார். பட்டறியில் பிடித்ததும் மோட்டர் மேசையிலிருந்து துள்ளியது.

அட பொல்லாத மனுஷா! மூன்று வருஷம் என்னை உதைக்க வைத்தீர்களே. ஒவ்வொரு தரமும் “இந்தப் பழசத் திருத்துங்களன்” என்று கத்துவேன், “திருத்துவம் திருத்துவம்” என்பீர்கள். என்னை முன்சீட்டில் வைத்திருக்க வேறு வழி தெரியவில்லையா? ‘புள்ள, கோவம் போதும்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் நான் இறங்கி வந்திருப்பேனா? வந்திருக்க மாட்டேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து காக்காவும் கோமாரிக்காரரும் வந்தார்கள். நான் மோட்டரைத் திரும்பக் காரில் பூட்டிவிட்டுக் காத்திருந்தேன். காக்காவை ஏற்றி, சாவியைப் போட்டு, பட்டனை நான்குக்குத் திருப்பினேன். மூன்று வருஷத் தூசியும் ஒரு காய்ந்த இலையும் காக்காவின் தாடியில் போய் ஒட்டியது. கோமாரிக்காரர் நல்ல மனிதர், “ராத்தா, இத விக்காதீங்க” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார். காக்கா தாடியைத் தட்டிக்கொண்டு நின்றார். “சரி, போ. ஆனா தனியப் போக உடமாட்டன், நானும் வாறன்” என்றார்.

வந்தார். பின்சீட்டில் வந்தார். சம்மாந்துறை வயல் தாண்டும்போது ஓதத் தொடங்கியவர் வெல்லவாய வரைக்கும் நிறுத்தவில்லை. எல்ல ஏற்றத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் “யா அல்லாஹ்” என்றார். அதே இடத்தில் அதே மழை, அதே புகார். கண்ணாடி வெளுக்கத் தொடங்கியது. பட்டனைத் திருப்பினேன். ஒரு தட்டும் இல்லாமல் ஃபேன் ஓடியது, கண்ணாடி கீழிருந்து மேலே தெளிந்தது. அந்தத் தேத்தண்ணிக் கடை இன்னும் இருக்கிறது. நிற்பாட்டிக் காக்காவுக்கு ஒரு பிளேன்டி வாங்கிக் கொடுத்தேன். எதற்கு அங்கே நின்றேன் என்று அவர் கேட்கவில்லை. “நல்லாத்தான் ஓடுறாய்” என்று மட்டும் சொன்னார். காக்காவின் வாயிலிருந்து அது வந்ததே பெரிய விஷயம்.

திரும்பும்போது ஹனா முன்சீட்டில் இருந்தாள். குளிரில் கைவிரல் நீலம் பாரித்திருந்தது. பட்டனைச் சிவப்புப் பக்கம் திருப்பிச் சூட்டுக் காற்று விட்டேன். “உம்மா, குசினி மணம் வருகுது” என்று சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் தன் காலை நீட்டி, பெட்டிக்குக் கீழ் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாள்.

“அது இப்ப சரி மகள், தட்டத் தேவையில்ல.”

“தெரியும் உம்மா. நீங்க தட்டுறப்ப வாப்பா சிரிப்பாரே, அதுக்காகத் தட்டினன்” என்றாள்.

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். ஒருதரமும் சத்தி எடுக்காமல் மொனராகலை வரை நித்திரை கொண்டாள்.

இத்தனை நாளும் கேட்காததை இப்போது கேட்கிறேன். அந்தப் பின்சீட்டு நாட்களுக்காக என்னை மாப்புச் செய்யுங்கள், மச்சான். நீங்கள் மூன்று வருஷத்துக்கு முன்னமே செய்துவிட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் கேட்க வேண்டியது என் கடமை. பிள்ளை பிறந்ததும் காதில் பாங்கு சொல்ல நீங்கள் இல்லை, காக்கா சொல்வார். அதற்குப் பிறகு நான் அதன் மற்றக் காதில் உங்கள் பெயரைச் சொல்லி வைக்கிறேன்.

இன்னொரு சத்தியமும் தருகிறேன். மறுமையில் அல்லாஹ் நம் இரண்டு பேரையும் ஒன்றாகச் சேர்த்து, உங்களுக்கு ஒரு வாகனமும் தந்தால், நான் முன்சீட்டில்தான் ஏறுவேன். அதில் ஒரு பழுதும் இல்லாவிட்டாலும்.

உங்கள் துஆவில் நானும் என் துஆவில் நீங்களுமாக,
ஹனாவின் உம்மா,
உங்கள் புள்ள.